பெரிய மென்பொருள் வருமுன் நிறுவன வலையமைப்பில் பார்க்க வேண்டியவை

திருகோணமலை நகரில் தலைமை அலுவலகம், சீனக்குடாப் பக்கம் களஞ்சியசாலை, கிண்ணியாவிலும் மூதூரிலும் கிளைகள், நிலாவெளியில் ஹோட்டல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கடை. இப்படி ஐந்து இடங்களில் அறுபது பேர் வேலை செய்யும் ஒரு விநியோக நிறுவனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை கணக்கு ஒரு கணினியில், கையிருப்பு ஓர் எக்செல் கோப்பில், சம்பளம் வேறொரு மென்பொருளில் இருந்தன. இனி எல்லாம் ஒன்றாகப் போகிறது. கொள்வனவு, கையிருப்பு, விற்பனை, கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்து, எல்லா இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பயன்படுத்த விடும் மென்பொருளைத்தான் ஈஆர்பி என்கிறார்கள்.

நேற்றுவரை இணையம் அரை மணி நேரம் போனால் மின்னஞ்சல் பிந்தும், அவ்வளவுதான். ஈஆர்பி வந்த பிறகு அதே அரை மணி நேரத்தில் லொறி ஏற்றப்பட்டு நிற்கும். விநியோகச் சிட்டை அச்சாகாது. நிலாவெளிக் கடையில் பில் போட முடியாது. தலைமை அலுவலகத்தில் கணக்காளர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். மென்பொருளுக்கு இலட்சக்கணக்கில் செலவழிக்கும் நிறுவனங்கள் வலையமைப்பைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகின்றன: "எங்கட லைன் எத்தனை எம்பிபிஎஸ்? காணுமா?" அதைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

பாதையின் அகலமும் கடக்கும் நேரமும்

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை துறையைக் கடக்கப் பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில், ஏற வேண்டியிருந்தது. பாதையை இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டியிருந்தால் ஒரு தடவையில் கூடுதல் ஆட்களும் வாகனங்களும் ஏறியிருக்கலாம். அக்கரை போய்த் திரும்பி வரும் நேரம் குறைந்திருக்காது. எம்பிபிஎஸ், அதாவது செக்கனுக்கு எத்தனை மெகாபிட் போகும் என்ற அளவு, பாதையின் அகலம். போய்வரும் நேரத்துக்கு லேட்டன்சி, தமிழில் தாமதம், என்று பெயர். அதை மில்லிசெக்கனில் அளப்பார்கள். ஒரு சிறு செய்தியை அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளை காட்டுவது இதைத்தான்.

இப்போது ஒரு பையனை அக்கரைக்கு அனுப்பிச் சாமான் எடுப்பிக்கிறீர்கள். முழுப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் ஒரு தடவை போய்வருவான். ஒவ்வொரு பொருளாக நினைத்து நினைத்து அனுப்பினால் இருநூறு தடவை போய்வருவான். மென்பொருள்களிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. பழைய அமைப்பில் எழுதப்பட்ட பல மென்பொருள்கள், பணியாளரின் கணினியிலிருந்து நேரே தரவுத்தளத்திடம் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்பவை. ஒரு கையிருப்புத் திரை திறக்க 200 கேள்விகள் போய்வருகின்றன என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். சேவர் (தரவுத்தளம் ஓடும் கணினி) அதே கட்டடத்தில் இருந்து, ஒரு தடவை போய்வர 1 மில்லிசெக்கன் எடுத்தால் மொத்தம் 0.2 செக்கன், யாருக்கும் தெரியவராது. சேவர் கொழும்பில் இருந்து 15 மில்லிசெக்கன் எடுத்தால் 3 செக்கன். சிங்கப்பூரில் இருந்து 60 மில்லிசெக்கன் எடுத்தால் 12 செக்கன். லைனை 20 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 200 ஆக்கினாலும் அந்த 12 செக்கன் அப்படியேதான் இருக்கும்.

இதில் பேரம் பேச முடியாத ஓர் எல்லையும் உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் ஓடும். திருகோணமலையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,600 கிலோமீற்றர், போய்வர 5,200. ஆகவே 26 மில்லிசெக்கனுக்குக் கீழே எந்த நிறுவனத்தாலும் தர முடியாது. கேபிள் நேர்கோட்டில் ஓடுவதில்லை, வழியில் கருவிகளும் உண்டு என்பதால் நடைமுறையில் இதைவிடக் கூடும்.

ஆகவே மென்பொருள் விற்பவரிடம் ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள்: சேவர் எந்த நாட்டில் இருக்கும்? கணினியில் நிறுவ வேண்டிய மென்பொருளா, பிரவுசரில் திறப்பதா? தாமதம் எத்தனை மில்லிசெக்கன் வரை தாங்கும்? கடையில் இணையம் போனால் பில் போட்டு வைத்துக்கொண்டு பிறகு அனுப்பும் வசதி உண்டா? எழுத்தில் பதில் வாங்குங்கள். கணினியில் நிறுவும் வகையாக இருந்து சேவரும் தூரத்தில் இருந்தால் ஒரு நல்ல வழி இருக்கிறது. மென்பொருளை சேவருக்குப் பக்கத்திலேயே ஓடவிட்டு, கிளையில் இருப்பவர் அதன் திரையை மட்டும் ரிமோட் டெஸ்க்டொப் மூலம் பார்ப்பது. அந்த 200 கேள்விகளும் அங்கேயே முடிந்துவிடும். கடலைக் கடப்பது திரையின் படமும் விசை அழுத்தங்களும் மட்டும்.

தாமதத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு தொல்லை, பக்கெட் இழப்பு. தரவு வலையமைப்பில் பக்கெட் எனும் சிறு பொதிகளாகத்தான் போகும். அனுப்பிய நூறில் ஒன்று வழியில் தொலைந்தால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் தொலைந்ததைக் கண்டதும் டிசிபி (பக்கெட்டுகளை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் விதிமுறை) தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, மெல்ல மெல்லத்தான் மீண்டும் ஏற்றும். தாமதம் 50 மில்லிசெக்கனும் இழப்பு 1 சதவீதமும் இருந்தால், வழமையான டிசிபி இணைப்பு ஒன்று ஏறத்தாழ 3 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். லைன் 100 எம்பிபிஎஸ் என்று பில்லில் போட்டிருக்கலாம். ஓர் அறிக்கையைத் திறப்பவருக்குக் கிடைப்பது 3. இழப்பு 0.01 சதவீதமாகக் குறைந்தால் அதே இணைப்பு 28 எம்பிபிஎஸ் வரை போகும். அதனால்தான் கூடுதல் வேகம் வாங்குவதற்கு முன் இழப்பு எங்கே நடக்கிறது என்று தேட வேண்டும்.

முதலில் அளந்து எழுதிவையுங்கள்

மென்பொருள் வருவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னால் அளவெடுப்பைத் தொடங்குங்கள். ஐந்து இடங்களிலும், கேபிளில் இணைத்த கணினியிலிருந்து (வைஃபையில் அளந்தால் எது யாருடைய பிழை என்று பிரிக்க முடியாது) மூன்று இடங்களுக்குப் பிங் அனுப்ப வேண்டும்: உங்கள் சொந்த ரவுட்டர் (அலுவலகத்தை இணையத்தோடு இணைக்கும் பெட்டி), இணையம் தரும் நிறுவனத்தின் முதல் ரவுட்டர், மென்பொருளின் சேவர். ஒவ்வொன்றுக்கும் ஆயிரம். திங்கள் காலை, மாத இறுதி, மழை கொட்டும் ஒரு நாள் ஆகியவை அதில் கட்டாயம் இருக்கட்டும்.

சொந்த ரவுட்டருக்கு 1 மில்லிசெக்கனுக்குக் கீழே, இழப்பு பூச்சியம் என்று வர வேண்டும். அங்கேயே ஆயிரத்தில் பத்து தொலைகிறது என்றால் இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பயனில்லை. உங்கள் கேபிளை, சுவிச்சைப் (கணினிக் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) பாருங்கள். முதற்பகுதி சுத்தமாக இருந்து இரண்டாம் பகுதியில் தொலைந்தால், அந்த எண்களோடு இணைய நிறுவனத்திடம் பேசலாம். "நெட் ஸ்லோ" என்று சொல்வதற்கும் "கடந்த பத்து நாளில் மாலை 6 மணிக்குப் பிறகு 2 சதவீத இழப்பு" என்று சொல்வதற்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இராது. ஒரு வழியில் நடுவிலுள்ள ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்லாமல் விடுவது சாதாரணம் என்பதையும் நினைவில் வையுங்கள். நடுவில் இழப்பும் இறுதியில் பூச்சியமும் காட்டினால் அது பழுதில்லை.

வேகத்தைக் கணக்கிட ஒரு சோதனைக் கிளையில் சிலரை ஒரு மணி நேரம் புதிய மென்பொருளில் வேலை செய்ய வைத்து, ரவுட்டரில் ஆளுக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். ஆளுக்கு 200 கேபிபிஎஸ் (0.2 எம்பிபிஎஸ்) என்று வந்தால், ஒரே நேரத்தில் 40 பேருக்கு 8 எம்பிபிஎஸ். மாத இறுதியில் எல்லோரும் ஒன்றாக அறிக்கை எடுப்பதற்கு மூன்று மடங்கு என்று 24 வைத்துக்கொள்ளலாம். பலர் எதிர்பார்ப்பதைவிடச் சிறிய எண்தான் வரும்.

லைனை உண்மையில் அடைப்பது வேறு வேலைகள். நான்கு கண்காணிப்புக் கெமராக்கள் ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் வீதம் கிளவுட்டுக்கு ஏற்றினால் 8 எம்பிபிஎஸ். உங்கள் இணைப்பின் ஏற்றும் வேகம் 10 என்றால் மிச்சம் 2. அதோடு யாராவது படங்களை மின்னஞ்சலில் அனுப்பினால், ரவுட்டரின் வாசலில் வரிசை நீண்டு, 15 மில்லிசெக்கனாக இருந்த பிங் 500 ஆகிவிடும். இதற்கு மருந்து, ரவுட்டரில் வேகத்தை உண்மையான அளவின் 85 முதல் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துவது. அப்போதுதான் வரிசை உங்கள் ரவுட்டரிலேயே நிற்கும். ஈஆர்பிக்கு முன்னுரிமை கொடுக்க முடியும். கட்டுப்பாட்டை வைக்காமல் முன்னுரிமை விதியை மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் வரிசை உங்களுக்கு எட்டாத இடத்தில், இணைய நிறுவனத்தின் கருவியில் சேர்ந்துகொண்டிருக்கும்.

முகவரிகள்: ஒருமுறை செய்து முடிக்க வேண்டியது

வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி எண் என்ற முகவரி ஒன்று உண்டு. பல ரவுட்டர்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 192.168.1 அல்லது 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளோடு வரும். ஐந்து கிளைகளிலும் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். தனித்தனியாக இருக்கும்வரை பிரச்சினையில்லை. ஐந்தையும் விபிஎன் (இணையத்தின் மேல் ஓடும் பூட்டிய தனிவழி) மூலம் இணைக்கும் நாளில், தலைமை அலுவலகத்தின் பிரிண்டரும் மூதூரின் கணினியும் ஒரே முகவரியில் நிற்கும். ரவுட்டருக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாது. ஒரே வீதியில் இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் இருந்தால் தபால்காரர் படும் பாடுதான்.

ஆகவே முகவரியைப் பார்த்தாலே இடம் தெரியும்படி திட்டமிடுங்கள். தலைமை அலுவலகம் 10.10, சீனக்குடா 10.20, கிண்ணியா 10.30, மூதூர் 10.40, நிலாவெளி 10.50. மூன்றாவது எண் வேலையைக் காட்டட்டும்: பணியாளர் கணினி 10, பிரிண்டர் 20, கெமரா 50, விருந்தினர் வைஃபை 60. அப்படியானால் 10.40.20.5 என்றதும் அது மூதூரில் உள்ள ஒரு பிரிண்டர் என்று கணக்காளர்கூடச் சொல்லிவிடுவார். இந்த வேலைப் பிரிவுகளைத் தனித்தனி வீலான்களாக (ஒரே கேபிளில் ஓடினாலும் ஒன்றோடொன்று கலக்காத பிரிவுகளாக) ஆக்க, நிர்வகிக்கக்கூடிய சுவிச் வேண்டும். நமது பாடப்புத்தகங்கள் ஆளி என்று எழுதுவது இதைத்தான். கடையில் கேட்கும்போது "மனேஜ்ட் சுவிச்" என்று கேளுங்கள்.

விருந்தினர் வைஃபையைப் பிரிப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஒரு பிரிவில் 254 முகவரிகள்தான் உண்டு. ரவுட்டர்கள் பல, அதிலும் நூறை மட்டுமே பங்கிடும்படி அமைக்கப்பட்டு வரும். அறுபது பேரின் கைப்பேசிகளும் வந்துபோகும் சாரதிகளின் கைப்பேசிகளும் ஆளுக்கொன்று எடுத்து நாள் முழுவதும் பிடித்து வைத்தால், பத்து மணிக்கு மேல் கணினியைத் திறப்பவருக்கு முகவரி கிடைக்காது. அவரிடம் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் நடந்தது இதுதான்.

பிரிண்டர்களுக்கு முகவரி மாறவே கூடாது. ரவுட்டரில் ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். மூன்று பிரதி அடிக்கும் டொட் மற்றிக்ஸ் பிரிண்டர் களஞ்சியத்தில் இன்னும் ஓடுகிறது என்றால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பல புதிய மென்பொருள்கள் ஏ4 தாளில் பிடிஎஃப் ஆகத்தான் அச்சிடும். அதை ஊசி பிரிண்டருக்கு அனுப்பினால் எழுத்தைப் படமாக வரைந்து வரைந்து, ஒரு சிட்டைக்கு நிமிடக்கணக்கில் எடுக்கும். இது லைனின் குற்றம் இல்லை. ஆனாலும் முதல் நாளில் எல்லோரும் லைனைத்தான் திட்டுவார்கள்.

கம்பி, உப்பு, இடி

புத்தகங்களில் வலையமைப்புப் பற்றி எழுதுபவர்கள் கடலோர ஊர்களை நினைத்து எழுதுவதில்லை. இந்தப் பகுதியில் நிதானமாக நின்று பார்ப்பது நல்லது.

ஜிகாபிட் வேகத்துக்குக் கேபிளில் உள்ள நான்கு சோடிக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு சோடி போதும். ஒரு கம்பி துருப்பிடித்தோ நொறுங்கியோ விட்டால் பல வேளைகளில் இணைப்பு அறுந்து போகாது. சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். சுவிச்சில் ஒவ்வொரு போர்ட்டும் (கேபிள் செருகும் துளை) எந்த வேகத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே பழுதான கேபிள்கள் தாமாகவே தெரிந்துவிடும். ஒரு கேபிளின் முழு நீளம் 100 மீற்றர்: சுவருக்குள் 90, இரு முனைகளிலும் இணைக்கும் வயர்கள் சேர்த்து 10. களஞ்சியத்தின் கடைசி மூலைக்கு 130 மீற்றர் இழுத்துவிட்டு, சில நாள் வேலை செய்கிறதே என்று விடக்கூடாது.

மலிவான கேபிள் பெட்டிகளில் சிசிஏ என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே அலுமினியம், மேலே செம்பு முலாம். மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், கெமராவுக்கும் வைஃபை கருவிக்கும் அதே கேபிளில் மின்சாரம் அனுப்பினால் சூடாகும், வளைத்தால் முறியும், உப்புக் காற்றில் வெட்டுமுனை வெகு விரைவில் கெடும். பணத்தை மிச்சம் பிடிக்க இது இடமில்லை. முழுச் செம்பு, கெட்6 என்று கேட்டு வாங்கி, ஒரு முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளியே பொருத்தும் கருவிகளுக்குக் கேபிள் கீழிருந்து மேலே ஏறும்படி, நுழையும் இடத்துக்குச் சற்று முன் ஒரு வளைவு தொங்கவிட்டுப் பொருத்துங்கள். மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. ஆணி, கிளிப், பட்டி எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும்.

ஐஸ் அறை அல்லது குளிர்க்களஞ்சியம் இருந்தால் அதன் சுவர்கள் இரு பக்கமும் தகடு போட்டவை. வெளியே உள்ள வைஃபை உள்ளே போகாது. உள்ளே பார்கோட் ஸ்கேனர் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் உள்ளேயே ஒரு வைஃபை கருவி வேண்டும். குளிரையும் ஈரத்தையும் தாங்கும் என்று குறிப்பிட்டதாகப் பார்த்து வாங்க வேண்டும். அலுமாரி வரிசைகளில் அரிசி மூடையும் மாமூடையும் நிரம்பியிருக்கும்போது வைஃபையை அளந்து பாருங்கள். வெறும் களஞ்சியத்தில் அளந்தது சரக்கு வந்ததும் பொய்யாகிவிடும்.

இடி மின்னலுக்கு வருவோம். மார்ச், ஏப்ரல் பின்னேரங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே இடி அதிகம். மின்னல் நேரே விழ வேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே நீளமான செம்புக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும். இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் இழுத்திருந்தால் இரு பக்கத்துச் சுவிச்சும் ஒன்றாக எரியும். ஆகவே கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர்தான். ஒரே வளவுக்குள் 300, 400 மீற்றருக்கும் சிங்கிள்மோட் ஃபைபரும், அதைச் சுவிச்சில் செருக உதவும் இரண்டு எஸ்எஃப்பி மொடியூல்களும் போதும். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. பிரதான மின்பலகையில் சேர்ஜ் (திடீர் மின்னழுத்த எழுச்சி) பாதுகாப்புக் கருவி, அதற்குச் சரியான எர்த் வேண்டும். எர்த் தடையை வறண்ட காலத்தில் அளந்து 10 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று மின்னியலாளரிடம் எழுதி வாங்குங்கள். எர்த் சரியில்லாத கட்டடத்தில் எத்தனை ஆயிரம் ரூபாய்க்குப் பாதுகாப்புக் கருவி வாங்கினாலும் மின்னழுத்தம் வெளியேற வழி கிடையாது.

மின்சாரம் போகும் நாட்களும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சுவிச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 60 வோட்ஸ் இழுக்கும். 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி இரண்டு உள்ள யூபிஎஸ் 168 வோட்-மணி சேமிக்கும்; இழப்புகள் போக 100 என்று எடுத்தால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டர் எடுக்கும்வரை அது காணும். அடிக்கடி நடக்கும் பிழை, கணினிக்கெல்லாம் யூபிஎஸ் வைத்துவிட்டு, சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டியைச் சாதாரண பிளக்கில் விட்டுவிடுவது. மூடிய பற்றரியின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 பாகைக்கும் பாதியாகக் குறையும். காற்றோட்டமில்லாத அலுமாரிக்குள் வைத்த பற்றரியை இரண்டு வருடத்தில் மாற்றத் தயாராக இருங்கள்.

மின்வெட்டின் இன்னொரு விளைவு கணினியின் கடிகாரம். உள்ளே இருக்கும் சிஆர்2032 பற்றரி இறந்த பழைய கணினி, மின்சாரம் வந்ததும் பல வருடம் பின்னால் போய் நிற்கும். ஈஆர்பியின் பாதுகாப்புச் சான்றிதழ் "இன்னும் ஆரம்பிக்கவில்லை" என்று பிரவுசர் மறுத்துவிடும். விண்டோஸ் டொமைனில் (கணினிகளையும் பயனர்களையும் ஒரே மையத்தில் நிர்வகிக்கும் முறை) நேரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால் உள்நுழையவே முடியாது. எல்லாக் கணினிகளும் ஒரே நேரச் சேவரைப் பார்க்கும்படி அமைப்பதும், பழைய கணினிகளுக்கு அந்தச் சில்லறைப் பற்றரியை மாற்றுவதும் ஒரு பின்னேர வேலை.

கிளைகளை இணைப்பது

ஒவ்வொரு இடத்திலும் இரண்டு இணைப்புகள் இருக்கட்டும்: ஒன்று ஃபைபர், மற்றது வேறு நிறுவனத்தின் 4ஜி. இரண்டும் ஃபைபராக, ஒரே கம்பத்தில் ஓடினால் ஒரு மரம் விழுந்தாலே இரண்டும் போகும். 4ஜியில் ஒரு நுணுக்கம் உண்டு: பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால் வெளியிலிருந்து உங்கள் ரவுட்டரை அழைக்க முடியாது. ஆகவே கிளைதான் தலைமை அலுவலகத்தை அழைத்து விபிஎன்னைத் திறக்க வேண்டும். மென்பொருளின் சேவர் குறிப்பிட்ட முகவரிகளிலிருந்து மட்டும் உள்ளே விடும் என்றால், மாற்று இணைப்பின் முகவரியையும் முன்கூட்டியே பதிந்துவையுங்கள். பிறகு ஒரு வேலை நாளில் ஃபைபர் வயரைக் கையால் கழற்றிப் பாருங்கள். எத்தனை செக்கனில் மாறுகிறது, திறந்திருந்த திரை என்னவாகிறது என்பதை இந்தச் சோதனை மட்டுமே சொல்லும்.

கொட்டியாரக் குடாவின் மேலாக மூதூருக்கு நேரடி ரேடியோ இணைப்புப் போடலாமே என்று சிலருக்குத் தோன்றும். 12 கிலோமீற்றர், 5.8 கிகாஹேட்ஸ் என்று கணக்கிட்டால், நடுவழியில் அலைக்குத் தேவையான வெளி 12 மீற்றருக்கு மேல் ஆரம். அதில் 60 சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும். பூமியின் வளைவு இன்னொரு 2 மீற்றரை எடுத்துக்கொள்ளும். ஆக அன்டெனாக்கள் கடல்மட்டத்திலிருந்து குறைந்தது 10 மீற்றர் உயர வேண்டும், இன்னும் உயர்ந்தால் நல்லது. அப்படியிருந்தும் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் அலை நேரே வரும் அலையோடு மோதி, நீர்மட்டமும் காற்றின் ஈரமும் மாறும்போது சமிக்ஞை ஏறி இறங்கும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அலைவரிசைக்கான அனுமதியையும் கேட்க வேண்டும். மாற்று வழியாக வைத்துக்கொள்ளலாம்; ஈஆர்பிக்கு முதல் வழியாகப் பரிந்துரைக்க மாட்டோம்.

விபிஎன் போட்டதும் வரும் மர்மப் பழுது ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உள்நுழையும் பக்கம் வரும், கடவுச்சொல்லை ஏற்கும், சிறிய திரைகள் திறக்கும். நீண்ட அறிக்கையைக் கேட்டால் சுற்றிக்கொண்டே நிற்கும். பிங் சரி, வேகமும் சரி. காரணம் பக்கெட்டின் பருமன். ஈதர்நெட்டில் ஒரு பக்கெட் 1500 பைட். பிபிபிஓஈ (சில இணைய நிறுவனங்கள் உள்நுழைவுக்குப் பயன்படுத்தும் முறை) இணைப்பு அதில் 8 எடுத்து 1492 ஆக்கும். விபிஎன் தன் உறைக்காக இன்னும் எடுக்கும். பெரிய பக்கெட் நுழைய முடியாமல் நிற்கும்போது "சிறிதாக்கி அனுப்பு" என்ற செய்தி திரும்பி வர வேண்டும். வழியில் ஏதாவது ஃபயர்வோல் (பாதுகாப்புத் தடுப்பு) அதைத் தடுத்தால் அனுப்பியவர் காத்துக்கொண்டே இருப்பார். சோதிக்க, துண்டாக்க வேண்டாம் என்ற தெரிவோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்பின் 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். போகாவிட்டால் போகும்வரை குறைத்து வாருங்கள். கிடைத்த எண்ணோடு 28ஐக் கூட்டினால் வழியின் உண்மையான அளவு. அதிலிருந்து 40ஐக் கழித்த எண்ணை ரவுட்டரில் எம்எஸ்எஸ் (ஒரு பக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) அளவாகக் கட்டிவிட்டால் பழுது போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. கிளையிலிருந்து சேவருக்கு வர வசதியாக, ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 போர்ட்டை (இங்கே போர்ட் என்பது மென்பொருளின் வாசல் இலக்கம்) இணையத்துக்கு நேரே திறந்துவிடாதீர்கள். அப்படித் திறந்தவற்றைத் தேடுவதற்கென்றே இயந்திரங்கள் நாள் முழுவதும் உலகை அலசிக்கொண்டிருக்கின்றன. கையிருப்பும் சம்பளமும் ஒரே தரவுத்தளத்தில் இருக்கும்போது ஊடுருவியவர்களால் அது ஒரு தடவை பூட்டப்பட்டால் முழு நிறுவனமும் நிற்கும். விபிஎன்னுக்குள்ளால் மட்டும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்போடு வரட்டும்.

நாள் குறிப்பது

நமது நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால் பலர் ஏப்ரல் 1இல் புதிய மென்பொருளைத் தொடங்க விரும்புவார்கள். கணக்காளருக்கு அது வசதி. ஆனால் ஆண்டிறுதி வேலை, பின்னேர இடி, அடுத்த இரண்டு வாரத்தில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் அதற்கு முந்திய விற்பனை நெரிசலும் எல்லாம் ஒன்றாக வரும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இங்கே மழைக்காலம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி கரையேறியது திருகோணமலைக் கரையோரத்தில்தான். எங்கள் கணிப்பில் ஜூனும் ஜூலையும் நல்ல மாதங்கள். ஏப்ரல் 1தான் என்று முடிவானால் வலையமைப்பு வேலை எல்லாம் பெப்ரவரியில் முடிந்திருக்க வேண்டும். மார்ச்சில் எந்த ரவுட்டரிலும் கை வைக்கக்கூடாது.

நிறுவும் மென்பொருளாக இருந்தால் விநியோகத்தையும் யோசியுங்கள். 1.5 ஜிபி கோப்பை 60 கணினிகள் தனித்தனியே இணையத்திலிருந்து இறக்கினால் 90 ஜிபி. 50 எம்பிபிஎஸ் லைன் முழுவதையும் விழுங்கினாலும் நான்கு மணி நேரம் எடுக்கும். மாதாந்த டேட்டா அளவுள்ள இணைப்பானால் அதுவும் கரைந்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிரதியை இரவில் இறக்கி, உள்ளூர் வலையமைப்பில் பங்கிடுங்கள். பழைய சேவரிலிருந்து புதியதற்கு மாறுகிறீர்கள் என்றால், கணினிகளில் ஐபி எண்ணைப் பதியாமல் பெயரைப் பதியுங்கள். மாறும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக அந்தப் பெயரின் டிஎன்எஸ் (பெயருக்கு உரிய ஐபி எண்ணைச் சொல்லும் சேவை) நினைவு நேரத்தை 86,400 செக்கனிலிருந்து 300க்குக் குறைத்துவிட்டால், மாற்றம் ஐந்து நிமிடத்தில் எல்லாக் கிளைக்கும் போய்ச்சேரும். பிழைத்தால் திரும்பவும் அவ்வளவு விரைவாகப் பழையதற்கு வரலாம்.

முதலில் ஒரு கிளை, இரண்டு வாரம். கிண்ணியாவை எடுங்கள், தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் போய்வரச் சுகம். அந்த இரண்டு வாரத்தில் ஒரு மாத இறுதி வந்தால் இன்னும் நல்லது. எல்லா இடத்துக்கும் விரித்த அன்று, ஒவ்வொரு இடத்திலும் இலக்கமிட்ட கைச்சிட்டைப் புத்தகம் ஒன்று மேசையில் இருக்கட்டும். லைன் போனால் லொறி நிற்காமல் கையால் எழுதி அனுப்பி, வந்ததும் அந்த இலக்கத்தோடு பதியலாம். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் புத்தகத்தை எடுக்கலாம் என்று முகாமையாளருக்கு முன்பே சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் யாரிடம் அனுமதி கேட்பது என்று தேடக்கூடாது. முதல் மாத இறுதி முடிந்ததும் பழைய ஆயிரம் பிங்குகளையும் அதே கணினிகளிலிருந்து, அதே மணிக்கு மீண்டும் அனுப்பி, முன்பு எழுதிவைத்த எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.